குறி தவறாத குழல்

1860-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதி. லண்டனை அடுத்த விம்பிள்டன் மைதானத்தில் பெருங்கூட்டம். தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதலாவது போட்டியைத் தொடங்கி வைக்க விக்டோரியா மகாராணி வந்திருந்தார்.

மகாராணி துப்பாக்கியைத் தோளில் சாத்திச் சுடவில்லை. சட்டம் ஒன்றின் மேல் ஒரு ரைபிள் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. அதன் விசையில் பட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மகாராணி கயிற்றை இழுத்தார். துப்பாக்கி முழங்கியது. 400 கஜத்துக்கு அப்பால் நின்ற இலக்கைப் போய்ப் பார்த்தால், நடுப்புள்ளியிலிருந்து சுமார் ஒன்றேகால் அங்குலம் தள்ளிக் குண்டு பதிந்திருந்தது! கால் மைலுக்குச் சற்றே குறைந்த தூரத்தில் ஒன்றேகால் அங்குலப் பிசகு. கூட்டம் ஆரவாரம் செய்தது.

அந்த ரைபிளைச் செய்து, குறி பார்த்துச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்தவர் ஜோஸப் விட்வொர்த். மான்செஸ்டர் நகரத்து யந்திரத் தொழில் அதிபர். அப்போது அவருக்கு வயது 56. உலகத்திலேயே மிகத் துல்லியமாகச் சுடும் குழல் அவருடையதுதான் என்பதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சர்க்காரின் சோதனை காட்டியிருந்தது. ஆனாலும் அந்தத் துப்பாக்கியைப் பட்டாளத்தின் கையில் கொடுக்க அதே சர்க்கார் சம்மதிக்கவில்லை.

ஏன் சம்மதிக்கவில்லை? அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த மனிதரின் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பஞ்சு ஆலையிலிருந்து பட்டறைக்கு

விட்வொர்த் 1803-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பிற்காலத்தில் பாதிரியார் ஆனவர். சிறு வயதிலேயே தாயை இழந்த பையனைப் பதினான்காவது வயதில் பஞ்சாலை நடத்தி வந்த தாய்மாமனிடம் வேலை பழக அனுப்பினார்கள். தமக்குப் பின் ஆலையை மருமகன் பார்த்துக்கொள்வான் என்பது மாமனின் எண்ணம். பையனின் கண்ணோ நூலின் மேல் போகவில்லை; நூல் நூற்கும் யந்திரங்களின் மேல் போயிற்று. அந்த யந்திரங்கள் எவ்வளவு கரடுமுரடாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்று பார்த்துப் பார்த்து அவனுக்கு மனம் பொறுக்கவில்லை. சில ஆண்டுகளில் மாமனை விட்டு விலகி, மான்செஸ்டரில் சாதாரணப் பட்டறைக்காரனாகக் கூலி வேலைக்குச் சேர்ந்தான்.

1825-ம் ஆண்டில், கல்யாணம் முடிந்த கையோடு, லண்டனுக்குப் போனார். அந்தக் காலத்தில் யந்திரத் தொழிலுக்குக் காசி மாதிரி விளங்கியது ஹென்றி மாட்ஸ்லே என்பவரின் பட்டறை. அங்கே சேர்ந்தார். பிறகு வேறு சில பெயர் பெற்ற பட்டறைகளிலும் வேலை பார்த்தார். கணக்குப் போடும் யந்திரம் கண்ட சார்லஸ் பாபேஜுக்கு உறுப்புகள் செய்து கொடுத்த ஜோஸப் கிளெமென்ட்டின் பட்டறை அவற்றில் ஒன்று.

1833-ல் மான்செஸ்டருக்குத் திரும்பிச் சொந்தப் பட்டறை திறந்தபோது, லண்டனிலிருந்து வந்த கருவி செய்பவர் என்று பலகை மாட்டினார். அந்தப் பலகையில் கொஞ்சம் கர்வம் தெரிந்தாலும், அதற்கு அவர் அருகதை உள்ளவர்தான்.

மூன்று தட்டுகள்

இரும்புத் தட்டு ஒன்றின் முகத்தை அப்பழுக்கில்லாத சமதளமாக்குவது எப்படி? இரண்டு தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் போதும் என்று பலர் நினைத்தார்கள். அது தவறு. ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தால்கூட இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். விட்வொர்த் மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டார். காவிக் கலவையைப் பூசி, முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் பொருத்திப் பார்த்தார். காவி ஒட்டிய மேடுகளை மட்டும் கையால் சுரண்டி எடுத்தார். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் மூன்றும் சமதளமாகத்தான் இருக்க முடியும்.

சமதளம் கிடைத்தால் அளவு கிடைக்கும். அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பாகத்தை உணர்த்தும் அளவு யந்திரம் ஒன்றைச் செய்து, 1851-ம் ஆண்டு லண்டன் மாபெரும் பொருட்காட்சியில் வைத்தார். பார்த்தவர்கள் நம்ப முடியாமல் நின்றார்கள்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1841-ல், இன்னொரு காரியம் செய்திருந்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல மரையாணிக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் ஆணி இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளின் ஆணிகளைச் சேகரித்து, அளந்து, சராசரி கண்டு, 55 பாகைக் கோணத்தில் ஒரே ஒழுங்கான மரையை வகுத்தார். பிரிட்டன் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் யந்திரங்கள் போன இடமெல்லாம் அந்த மரையும் போயிற்று. நம் நாட்டில் பழைய லேத் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு விட்வொர்த் மரை என்ற பேச்சு புதிதல்ல. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவரிடம்தான் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

துப்பாக்கி தெரியாதவரிடம் துப்பாக்கி

1854-ல் கிரைமியா யுத்தம் மூண்டது. பட்டாளத்துக்கு லட்சக்கணக்கில் துப்பாக்கி தேவைப்பட்டது. அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஹார்டிஞ்ச் பிரபு. 1844 முதல் 1848 வரை இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்து, முதலாவது சீக்கிய யுத்தத்தை நடத்திய அதே ஹார்டிஞ்ச்தான். என்பீல்டு ரைபிள்களை யந்திரத்தால் செய்வதற்கு வழி கேட்டு விட்வொர்த்தை அணுகினார்கள்.

விட்வொர்த் அதற்கு முன் துப்பாக்கித் தொழிலில் கை வைத்தவர் அல்ல. ஆகவே துப்பாக்கி செய்கிறவர்களின் பட்டறைகளுக்குப் போய் விசாரித்தார். குழலின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும், உள்ளே வெட்டும் சால் எவ்வளவு முறுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பதில் வந்தது. யாரிடமும் காரணம் இல்லை. எது நல்ல குழல் என்று தெரியாமல் அதைச் செய்ய யந்திரம் எப்படி அமைப்பது? முதலில் சோதனை, பிறகுதான் யந்திரம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவருடைய வீட்டுத் தோட்டத்திலேயே சர்க்கார் செலவில் 500 கஜ நீளத்துக்கு ஒரு கூடம் எழுந்தது. காற்றும் வெயிலும் குண்டின் பாதையைக் கெடுக்காமல் இருப்பதற்காகவே அந்தக் கூடம். கட்டி முடிந்த சிறிது காலத்தில் புயல் வீசி அதைச் சாய்த்துவிட்டது! மறுபடி கட்டி, 1855 மார்ச் மாதத்தில் சோதனையைத் தொடங்கினார்கள்.

கூடத்தில் குண்டு போகும் வழி நெடுகிலும் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார் விட்வொர்த். குண்டு ஒவ்வொரு திரையிலும் ஒரு துளை போட்டுக்கொண்டு போகும். துளை வட்டமாக இருந்தால் குண்டு நேராகப் போகிறது. நீள்வட்டமாகக் கிழிந்திருந்தால் குண்டு தலையாட்டிக்கொண்டு போகிறது. எந்த இடத்தில் தலையாட்டத் தொடங்கியது என்பதையும் திரைகளே காட்டிக் கொடுத்துவிடும். அதிகச் செலவில்லாத காகிதம், துப்பாக்கி வித்தையில் அதுவரை கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிய வைத்தது.

தூங்கும் பம்பரம்

குழலுக்குள் சால் எதற்கு என்பதைப் பம்பரம் விட்ட எந்தப் பையனும் சொல்லிவிடுவான். வேகமாகச் சுழலும் பம்பரம் ஒரே இடத்தில் நின்று தூங்குகிறது. சுழற்சி போதாத பம்பரம் தலையாட்டி விழுகிறது. குண்டும் அப்படித்தான். திருகலாக வெட்டிய சால்கள் குண்டைப் பிடித்துச் சுழற்றி அனுப்புகின்றன.

என்பீல்டு ரைபிளின் குழல் விட்டம் 0.577 அங்குலம். அதன் சால் 78 அங்குல நீளத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றியது. குழலின் நீளமோ 39 அங்குலம். ஆகக் குழலை விட்டு வெளியேறுவதற்குள் குண்டு அரைச் சுற்றுத்தான் சுற்றியது. கட்டையான குண்டுக்கு அது போதும். ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போக வேண்டுமானால் குண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். ஒல்லிக் குண்டு நிலை குலையாமல் பறக்க அதிகச் சுழற்சி வேண்டும்.

விட்வொர்த் பலவிதமான முறுக்குகளையும் வெட்டிப் பார்த்தார். ஓர் அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவுக்குக்கூடப் போய்ப் பார்த்தார் என்றால் அவருடைய பிடிவாதத்தைப் புரிந்துகொள்ளலாம். கடைசியில் வந்து நின்றது 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழல் விட்டம் 0.45 அங்குலம். குண்டின் எடை என்பீல்டுக் குண்டின் எடைதான், சுமார் 34 கிராம். நம் பழைய கணக்கில் மூன்று தோலாவுக்குச் சற்றுக் குறைவு. எடை மாறாமல் பருமன் குறைந்ததால் குண்டு நீண்டது.

இவ்வளவு முறுக்கான குழலில் ஈயக் குண்டு சாலைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாதே! அதற்கு விட்வொர்த் கண்ட வழியில் பழைய மரையாணிக்காரர் வெளிப்பட்டார். குழலின் உட்புறத்தை ஆறு பட்டையாக முறுக்கி வெட்டினார். குண்டையும் அதே முறுக்கோடு ஆறு பட்டையாகச் செய்தார். ஆணியில் நட்டு ஏறுவதுபோலக் குண்டு குழலோடு கச்சிதமாகப் பொருந்தி ஓடியது. இடைவெளி மயிரிழைதான். துல்லியம் முழுவதும் அந்தக் கச்சிதத்தில்தான் இருந்தது. பின்னால் வந்த தொல்லை முழுவதும் அதில்தான் இருந்தது.

ஹெய்த் சோதனை

1857 ஏப்ரலில் ஹெய்த் என்ற ஊரில் இருந்த ராணுவத் துப்பாக்கிப் பள்ளியில் இரண்டு ரைபிள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். 500 கஜத்தில் என்பீல்டின் குண்டுகள் சராசரியாக 27 அங்குலம் சிதறின. விட்வொர்த்தின் குண்டுகள் நாலரை அங்குலம்தான் சிதறின. 800 கஜத்தில் என்பீல்டுக்கு நாலு அடிக்கு மேல். விட்வொர்த்துக்கு ஓர் அடி. 1,400 கஜத்தில் என்பீல்டு இலக்கைத் தொடவே இல்லை. விட்வொர்த் ரைபிள் அங்கேயும் ஐந்து அடிக்குள் குண்டுகளைச் சேர்த்தது.

பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. அந்த ஆண்டே ராயல் சொஸைட்டி விட்வொர்த்தை அங்கத்தினராக்கியது. இனிப் பட்டாளத்துக்கு இந்தத் துப்பாக்கிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நினைத்தபடி நடக்கவில்லை. அதிகாரிகளின் கமிட்டி கூடியது, ஆராய்ந்தது. குழல் விட்டம் ராணுவத்துக்குச் சிறிது என்றது. கசடு சேர்கிறது என்றது. விலையும் என்பீல்டைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு ஆயிற்று.

அதிகாரிகளின் மண்டைக்கனமே காரணம் என்று பிற்காலத்தில் பலர் எழுதிவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

அறுபது தோட்டாக்களின் கேள்வி

அந்தக் காலத்து வெடிமருந்து கறுப்பு மருந்து. எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் கரியும் உப்புமாக மிஞ்சும். கொஞ்சம் புகையாகப் போய்விடும். மீதி குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பூச்சு. துப்பாக்கியோ வாய் வழியாகக் கெட்டிக்கும் ரகம். குண்டைக் குழலின் வாயில் வைத்து, நீண்ட கம்பியால் அடிவரை தள்ளியாக வேண்டும். கசடு ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டே வரும்.

சிப்பாய் ஒருவன் யுத்தத்துக்குப் போகும்போது பையில் அறுபது தோட்டாக்கள் வைத்திருப்பான். முதல் குண்டு எத்தனை அழகாகப் போகிறது என்பது அவனுக்குப் பெரிதல்ல. நாற்பதாவது குண்டு குழலுக்குள் இறங்குமா, எதிரி ஓடி வரும்போது நடுவில் மாட்டிக்கொள்ளுமா என்பதுதான் அவனுக்கு உயிர்ப் பிரச்னை. துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி சுட, விம்பிள்டன் மைதானத்தில் நேரம் உண்டு. போர்க்களத்தில் இல்லை.

என்பீல்டுக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. தொளதொளவென்று உள்ளே இறங்கும். வெடிக்கும்போது அடிப்பக்கம் விரிந்து சாலைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தொளதொளப்பால் துல்லியம் போயிற்று. ஆனால் துப்பாக்கி அடங்காமல் வேலை செய்தது. அந்த என்பீல்டிலேயே கசடு இறுகிக் குண்டு இறங்க மறுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. 0.568 அங்குலமாக இருந்த குண்டின் பருமனைப் பிறகு 0.55 ஆகக் குறைத்தார்கள் என்றால், மயிரிழை இடைவெளியில் ஓடும் விட்வொர்த் குண்டின் கதி என்ன? உருளைக் குண்டுகளையும், மெழுகு தோய்ந்த அடைப்புகளையும் போட்டுப் பார்த்தார்கள். நிலைமை சற்றுத் தேறியது, நோய் தீரவில்லை.

இந்த என்பீல்டு ரைபிள் இந்தியர்களுக்கு வேறு விதத்தில் அறிமுகமானது. ஹெய்த் சோதனை நடந்த அதே 1857-ல்தான், கொழுப்புத் தடவிய அதன் தோட்டாவைப் பல்லால் கடிக்க மாட்டோம் என்று வங்காளப் பட்டாளத்துச் சிப்பாய்கள் மறுத்தார்கள். மே 10-ந் தேதி மீரட்டில் கலகம் வெடித்தது. தோட்டாவில் கொழுப்பு எதற்கு என்றால், குண்டு சிரமமில்லாமல் இறங்குவதற்கும் கசடை இளக்குவதற்கும்தான். குழலுக்குள் படியும் கரி ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டி வைத்தது என்று சொன்னால் முழு உண்மையாகாது. முழுப் பொய்யும் ஆகாது.

துல்லியமா, தாங்கும் சக்தியா என்ற இந்த வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. பட்டாளத் துப்பாக்கிகள் பலவற்றின் குழலுக்கு உட்புறம் குரோமியம் பூசுகிறார்கள். துருப் பிடிக்காது, சூட்டைத் தாங்கும், ஆயிரக்கணக்கில் சுட்டாலும் தேயாது. பந்தயத்துக்குச் சுடுகிறவர்களோ பூச்சில்லாத குழலைத்தான் தேடுகிறார்கள். பூச்சு எத்தனை மெல்லியதாக இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே கனமாக அமைவது கடினம். அந்தச் சிறு ஏற்ற இறக்கம் குறியைக் கெடுக்கும். குழல் சீக்கிரம் தேய்ந்தால் வேறு குழல் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. மாற்றுக் குழலைச் சிப்பாய் முதுகில் கட்டிக்கொண்டு போக முடியுமா?

மரத்தடியிலிருந்து ஒரு குண்டு

பிரிட்டிஷ் பட்டாளம் ஒதுக்கிய ரைபிளை வாங்க அமெரிக்காவில் ஆள் இருந்தார்கள். அங்கே உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கடல் முற்றுகையைத் தாண்டித் தெற்கு மாகாணத்தார் கொஞ்சம் விட்வொர்த் ரைபிள்களைக் கொண்டு சேர்த்தார்கள். விலை அதிகம், எண்ணிக்கை சொற்பம். ஆகவே படையிலேயே தேர்ந்தெடுத்த குறிகாரர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள்.

இங்கே பாருங்கள், அதே துப்பாக்கி; குறை எதுவும் தெரியவில்லை! குறிகாரன் வரிசையில் நின்று அடுத்தடுத்துச் சுடுவதில்லை. மரத்தடியிலோ புதரிலோ படுத்துக்கொண்டு, காத்திருந்து, ஒரு குண்டு சுடுவான். துடைக்க அவனுக்கு நேரம் உண்டு.

1864 மே 9-ந் தேதி, ஸ்பாட்சில்வேனியா என்ற இடத்தில் வடக்குப் படையின் தளபதி ஜான் செட்ஜ்விக் பீரங்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெகுதூரத்திலிருந்து வந்த குண்டுகளுக்குப் பயந்து ஆட்கள் குனிந்தார்கள். அந்தத் தூரத்திலிருந்து வரும் குண்டுக்குப் பயமா என்று அவர் கேலி செய்தார். சற்று நேரத்தில் கண்ணுக்குக் கீழே குண்டு பாய்ந்து விழுந்தார். சுட்டது விட்வொர்த் ரைபிள் என்றே பெரும்பாலும் சொல்லப்பட்டு வருகிறது.

எஃகைப் பிழிந்தவர்

பீரங்கியிலும் விட்வொர்த் ஆறு பட்டைக் குழலைப் புகுத்தினார். அதில் அவருக்குப் போட்டி வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங். இரண்டு பேருக்கும் நடந்த சண்டை பத்திரிகைகளுக்குத் தீனியாயிற்று. ஆர்ம்ஸ்ட்ராங் தம் உரிமைகளைச் சர்க்காருக்கே எழுதிக் கொடுத்துப் பதவியும் பெற்றார். விட்வொர்த்துக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. தாம் வகுத்த அளவில் ஒரு நூலிழையைக்கூட மாற்றச் சம்மதிக்க மாட்டார். அந்தக் குணம் பட்டறையில் அவரை உயர்த்தியது. சர்க்கார் கச்சேரிகளில் அவரைக் கெடுத்தது.

ஆனால் தோல்வியிலிருந்து அவர் ஒன்றைக் கற்றுக்கொள்ளாமல் விடவில்லை. குழல் துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது; குழல் செய்யும் உலோகமே தாங்கவேண்டும். அந்தக் காலத்து எஃகை நம்ப முடியாது. உருக்கி வார்க்கும்போது வாயு குமிழியாகச் சிக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே பொத்தல். அப்படிப்பட்ட குழல் என்றைக்கு வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெடித்தால் சுடுகிறவன்தான் முதல் பலி.

உருகிய எஃகு இறுகுவதற்குள் அதை ராட்சத நீரழுத்த யந்திரத்தில் வைத்து நசுக்கினார் விட்வொர்த். ஈரத் துணியைப் பிழிவதுபோலக் குமிழிகள் வெளியேறின. எஃகு கெட்டியாக இருந்தால் போதும் என்பவர்களை அவர் ஏற்கவில்லை. கெட்டியான எஃகு கண்ணாடிபோல நொறுங்கும். பலமும் வேண்டும், இழுத்தால் நீளும் குணமும் வேண்டும். நல்ல குழல் தாங்க முடியாத வெடிக்கு ஆளானால் புடைக்க வேண்டுமே தவிரச் சிதறக் கூடாது. இப்படி அழுத்திய விட்வொர்த் எஃகு பெரிய பீரங்கிகளுக்கும் கப்பல் யந்திரத் தண்டுகளுக்கும் போயிற்று. இங்கிலாந்தின் உயர்ந்த வேட்டைத் துப்பாக்கிகளின் குழல்களுக்கும் அதைக் கேட்டு வாங்கினார்கள். துல்லியத்தால் ராணுவத்தில் தோற்றவர், உறுதியால் வேட்டைக்காரர்களிடம் ஜெயித்தார்.

ராணுவத்திலும் அவர் சொன்னது வேறு உருவில் வந்து சேர்ந்தது. 1871-ல் பிரிட்டிஷ் படை மார்ட்டினி - ஹென்றி ரைபிளை ஏற்றுக்கொண்டது. அதன் குழல் விட்டம் 0.45 அங்குலம்; 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஏறக்குறைய விட்வொர்த் கூடத்தில் கண்டுபிடித்த அளவு! மிகச் சிறிது என்று தள்ளப்பட்ட விட்டம் இப்போது எப்படிச் சரியாயிற்று? தோட்டாவைப் பின்புறமாகப் போடும் வசதி வந்துவிட்டதுதான் காரணம். கசடு படிந்த குழல் முழுவதும் குண்டைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய அவசியம் தீர்ந்தது.

ஆனால் பழைய வழக்கு அதோடு ஓயவில்லை. வில்லியம் மெட்போர்டு என்ற பொறியாளர், கசடு தங்காதபடி ஆழமில்லாத, முனை மழுங்கிய சால்களை வகுத்தார். கறுப்பு மருந்துக்கு அதைவிட அருமையான குழல் இல்லை. 1888-ல் வந்த லீ - மெட்போர்டு ரைபிளில் அதைத்தான் அமைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் கார்டைட் என்ற புகையில்லாத மருந்து புழக்கத்துக்கு வந்தது. கசடு போயிற்று, சூடு வந்தது. அந்தச் சூட்டில் மெட்போர்டின் மெல்லிய சால்கள் அரித்துத் தேய்ந்தன. ஆகவே 1895-ல் ஆழமான ஐந்து சால்கள் கொண்ட என்பீல்டுக் குழலுக்கு மாறினார்கள். அதுதான் லீ - என்பீல்டு. வங்காளத்து இஷாபூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, நம் போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த 303 ரைபிள் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே.

கடைசிக் காலம்

அந்த மாறுதல்களைக் காண விட்வொர்த் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பெருமைகள் குறைவில்லாமல் வந்தன. 1869-ல் பாரனட் பட்டம் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் செய்த காரியம் பட்டத்தைவிடப் பெரியது. யந்திரத் தொழில் கற்கும் இளைஞர்களுக்கு ஆண்டுக்கு நூறு பவுன் வீதம் முப்பது உபகாரச் சம்பளங்களை ஏற்படுத்தினார். ஏட்டுப் படிப்பு மட்டும் இருந்தால் அந்தச் சம்பளம் கிடைக்காது. கைவேலையும் தெரிய வேண்டும். கை வேலை மட்டும் தெரிந்தாலும் கிடைக்காது. பதினான்கு வயதில் பஞ்சாலைக்குப் போன பையனின் ஞாபகம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

முதுமையில் டார்பிஷயரில் மலைச் சரிவை ஒட்டிய ஸ்டான்கிளிப் மாளிகையில் வசித்தார். தோட்டம் போட்டார்; நல்ல மாடுகளும் குதிரைகளும் வளர்த்தார். மாளிகையில் இரும்பினால் செய்த பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று வைத்திருந்தார். அதன் முகம் அப்பழுக்கில்லாத சமதளம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

உடல் நலம் கெட்டதால் குளிர்காலங்களைத் தெற்கே கழிக்க வேண்டியதாயிற்று. 1887 ஜனவரி 22-ந் தேதி மான்டி கார்லோவில் காலமானார். வயது 83. இரண்டு மணம் புரிந்தும் பிள்ளைகள் இல்லை. அவருடைய பெருஞ்செல்வத்தைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பொதுக் காரியங்களுக்கும் செலவிடும் பொறுப்பை மனைவியும் நண்பர்களும் ஏற்றார்கள். மான்செஸ்டரில் அவர் பெயரால் ஒரு பூங்காவும் ஒரு கலைக்கூடமும் எழுந்தன. 1897-ல் அவருடைய கம்பெனி, அவர் ஆயுள் முழுவதும் சண்டையிட்ட ஆர்ம்ஸ்ட்ராங்கின் கம்பெனியோடு இணைந்தது. புதிய கம்பெனியின் பெயர்ப் பலகையில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயர் முன்னாலும் விட்வொர்த்தின் பெயர் பின்னாலும் எழுதப்பட்டன.